யூட்டாவில் உணவகமா? கையெழுத்துக்கு முன் அளவு நாடாவை எடுங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி, லீஹை பக்கம் உணவகம் திறந்து தோசையோடு ஒரு பீரும் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முன்பணத்தையும் கட்டிவிட்டு, அதன் பிறகு "மது உரிமம் எடுப்பது எப்படி?" என்று கேட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அந்த வரிசை தலைகீழ்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலச் சட்டமன்றத்தில் பெரும்பான்மையினர் மார்மன் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு மது ஆகாது. காபியும் டீயும்கூட ஆகாது. சபை சட்டத்துக்குள் மூக்கை நுழைக்கிறது என்று ஒரு பக்கம் சொல்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்க மதம் எதற்கு, அது பொதுநலம் என்று மறு பக்கம் சொல்கிறது. இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தக் கூடாது என்று 2014-இல் சபையே வெளிப்படையாகச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், 1933 டிசம்பர் 5 அன்று 36-ஆவது மாநிலமாக ஒப்புதல் கொடுத்து அமெரிக்க மதுவிலக்கை முடித்துவைத்ததே யூட்டாதான். விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் கடை திறக்கப் போகிறவருக்கு விவாதத்தைவிட அடிக்கணக்குதான் முக்கியம்.

முதல் பொறி தூரம். தேவாலயம், பள்ளி, பொது நூலகம், பொதுப் பூங்கா, பொது விளையாட்டுத் திடல் இவற்றிலிருந்து உணவகம் நடைபாதை வழியில் 300 அடியும், நேர்கோட்டில் 200 அடியும் தள்ளி இருக்க வேண்டும். பாருக்கு நடைவழி 600 அடி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் பக்கம் கடை வாசலிலிருந்து அளப்பார்கள். எதிர்ப்பக்கம் தேவாலயக் கதவு வரை அல்ல, அதன் மனையின் எல்லை வரைதான். புல்வெளியும் வண்டி நிறுத்துமிடமும் அந்த மனையில் சேர்ந்தவை. "சர்ச் அந்தக் கோடியில் இருக்கு, கவலைப்படாதீங்க" என்று ஒரு தரகர் சொன்னதை நம்பிய நண்பருக்கு ஏழு மாத வாடகை வீணானது. சர்ச் உண்மையிலேயே அந்தக் கோடியில்தான் இருந்தது. அதன் பார்க்கிங் இவர் கடை வாசலுக்கு எதிரில் முடிந்தது. ஊஞ்சல் இரண்டு கிடக்கிற தெருமுனைப் பூங்காவையும் விட்டுவிடாமல் அளந்து பாருங்கள்.

அடுத்தது அலைச்சல். நகராட்சியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் மாநில விண்ணப்பம் நகராது. நகராட்சியில் கேட்டால் "மாநிலத்தில் கேளுங்கள்", மாநிலத்தில் கேட்டால் "நகராட்சிக் கடிதம் எங்கே?" முதலில் நகராட்சிக் கடிதம்தான், யார் என்ன சொன்னாலும் அதைக் கையில் வாங்காமல் நகராதீர்கள். முடிவெடுக்கும் மாநில மது ஆணையம் மாதம் ஒருமுறைதான் கூடும். ஒரு தாள் குறைந்தால் போவது ஒரு நாள் அல்ல, ஒரு மாதம். மது தொடர்பான பொறுப்புக் காப்பீடு ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், மொத்தமாக 20 லட்சம் டாலருக்கு இருந்தாக வேண்டும். அதன் பிரீமியத்தை முதலீட்டுக் கணக்கில் சேர்க்க மறந்தவர்கள் நிறையப் பேர்.

உரிமம் கிடைத்தாலும் நீங்கள் நடத்துவது உணவகம்தான், பார் அல்ல. விற்பனையில் 70 சதவீதமாவது சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். பில்களை அதற்கேற்றபடி பிரித்து வையுங்கள். வந்தவர் சாப்பிடும் எண்ணத்தோடு வந்திருக்கிறாரா என்று உறுதிசெய்த பிறகுதான் கிளாஸ் மேசைக்குப் போகலாம். "நண்பர் வரட்டும், அதுவரை ஒரு பீர்" என்கிறவரிடமும் "சாப்பிடுவீங்கதானே?" என்று கேட்டே ஆக வேண்டும். சங்கடமாக இருந்தாலும் பரிமாறுகிற பிள்ளைகளுக்கு இதைப் பழக்கிவிடுங்கள், ஏனென்றால் வாடிக்கையாளர் போலச் சோதனைக்கு வருகிறவரும் உண்டு. மேசைக்கு மது கொண்டுபோகிறவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடைக்கு ஒத்தாசையாக நிற்கும் உங்கள் 19 வயது மகன் இட்லி கொண்டுபோகலாம், பீர் கொண்டுபோகக் கூடாது.

சீயோன் திரை என்று கேலியாகச் சொல்லப்பட்ட ஏழடித் தடுப்பு இப்போது கட்டாயம் இல்லை. மது ஊற்றுவது குழந்தைகள் கண்ணில் படக் கூடாது என்று வைத்த மறைப்பு அது. 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பதில், பார் மேடையைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் உட்காரக் கூடாது, இல்லையென்றால் 42 அங்குலக் குட்டைச்சுவர் எழுப்ப வேண்டும். குடும்பமாக வருகிறவர்களை நம்பி நடக்கும் சின்னக் கடையில் அந்த இடம் போனால் நாலு மேசை போச்சு. என் யோசனை, பார் மேடையே வைக்காதீர்கள். உள்ளறையில் ஊற்றி எடுத்து வாருங்கள்.

லாபக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். ஒயினையும் விஸ்கியையும் மாநில அரசிடம்தான் வாங்க வேண்டும். உணவகம் என்பதற்காக மொத்த விலை கிடையாது. சுமார் 88 சதவீத ஏற்றத்தோடு பொதுமக்கள் கொடுக்கும் அதே விலைதான். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் மது விலையைக் குறைக்கும் "ஹேப்பி அவர்" தள்ளுபடிக்கும் தடை. விஸ்கி போன்றவற்றை அளவுக்கருவி வைத்து 1.5 அவுன்ஸ், சுமார் 44 மில்லி மட்டுமே ஊற்றலாம். வார நாளில் காலை 11:30-க்கு முன் மது கிடையாது. டிபன் கூட்டத்தை நம்பியிருப்பவர்களுக்கு இந்த உரிமமே தேவையா என்று யோசித்துப் பாருங்கள். பீர் மட்டும் போதும் என்றால் அதற்கென்று தனி உணவக உரிமம் இருக்கிறது.

கட்டடம் பிடித்திருந்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "மது உரிமம் மறுக்கப்பட்டால் இந்த வாடகை ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திரும்பத் தரப்படும்." வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வேண்டும். அந்த வரிக்குக் கட்டடக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு கட்டடம் பாருங்கள்.