அழுத்தத் துலங்கல்: 'பிரஷர் கப்பிள்டு ரெஸ்பான்ஸ்'

'ரெஸ்பான்ஸ்' லத்தீன் 'ரெஸ்பாண்டேரே'யின் வழிவந்தது. 'பதிலுக்கு உறுதி கூறு' என்பது அதன் வேர்ப்பொருள். திட ராக்கெட் துறையில் இதன் பொருள் கறாரானது. எரியறையின் அழுத்தம் ஏறி இறங்கும்போது, உந்துபொருளின் எரியும் பரப்பிலிருந்து கிளம்பும் நிறைப்பாய்வு (வினாடிக்கு வெளியேறும் நிறை) எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற விகிதம் அது. ஒவ்வொன்றையும் அதனதன் சராசரியால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அழுத்தம் மெல்ல மாறினால், இவ்விகிதம் எரிவேக விதியின் (எரிவேகம் அழுத்தத்தின் ஓர் அடுக்குக்கு நேர்விகிதம் என்ற விதி) அடுக்குக்குறிதான். அது 0.4 என்றால், அழுத்தம் 10% கூட எரிவேகம் ஏறக்குறைய 4% கூடும். அலைவு விரைந்தால் கணக்கு மாறும். வினாடிக்கு 10 மி.மீ. எரியும் பொருளில், பரப்புக்கு அடியில் சூடேறிய படலம் சுமார் 15 மைக்ரான்தான். அது புதிய நிலைக்கு வர ஓரிரு மில்லிவினாடி பிடிக்கும். அதனால் சில நூறு முதல் ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் விகிதம் அடுக்குக்குறியை மிஞ்சக்கூடும். அழுத்தத்தோடு ஒத்த கட்டத்தில், அதாவது அதன் கூடவே ஏறி இறங்கி, எழும் பங்குதான் அலைவை வளர்க்கும்.

அளக்கும் கருவி 'டீ-பர்னர்'. இருமுனையும் மூடிய குழாய், முனைக்கொரு உந்துபொருள் வில்லை, வாயு வெளியேறும் வழி நடுவில், அழுத்த அலைவின் கணுவில் (அழுத்தம் ஏறி இறங்காத இடத்தில்). உள்ளே ஒலிவேகம் வினாடிக்கு 1000 மீட்டர், குழாய் அரை மீட்டர் என்றால் அதிர்வெண் 1000 ஹெர்ட்ஸ். எரியும்போது அலைவு வளரும் வீதத்தையும், எரிந்து தீர்ந்தபின் தேயும் வீதத்தையும் முனையிலுள்ள அழுத்த உணரி பதியும். வளர்வீதத்தோடு தேய்வீதத்தின் அளவைக் கூட்டினால் எரிப்பு ஊட்டியது கிடைக்கும்.

இந்தக் கூட்டலில்தான் வம்பு. எரிந்து தீர்ந்த வாயு குளிர்ந்துவிடுவதால், அப்போதைய இழப்பும் எரியும்போது இருந்த இழப்பும் ஒன்றல்ல. இரு வில்லைகளும் ஒரே கணத்தில் தீராவிட்டால் தேய்வுக்கோடே நம்பத் தகாது. அலுமினியம் கலந்திருந்தால் ஆக்சைடுத் துகள்கள் அலைவை விழுங்கி, அது எழவே விடாமல் செய்யலாம்; அப்போது எரிபரப்பைக் கூட்டுவார்கள், அல்லது வெளியிலிருந்து ஒரு துடிப்பைக் கொடுப்பார்கள்.

உந்துபொருளின் கூறுகளைத் தனித்தனியே சோதிப்பதற்கும் எல்லை உண்டு. ஆக்சிஜனேற்றியான அம்மோனியம் பெர்குளோரேட்டை அழுத்தி வில்லையாக்கினால், சுமார் 20 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தானே எரியும். ரப்பர் பிணைப்பி தனியே எரியாது.

'ரெஸ்பான்ஸ்' என்பதற்கு 'எதிர்வினை' இங்கே வேண்டாம்; அது வேதிவினையையோ நியூட்டனின் மூன்றாம் விதியையோ நினைவூட்டும். பள்ளிப் பாடத்தில் தூண்டலுக்கு இணையாக வரும் 'துலங்கல்' கச்சிதம். இலங்கையில் 'அமுக்கத் துலங்கல்' எனலாம். 'புரொப்பெல்லன்ட்'டை 'எரிபொருள்' என்பது பிழை, ஆக்சிஜனேற்றியும் அதற்குள் அடங்கும், 'உந்துபொருள்' சரி.