பல் நிறம் மாறினால் பிளீச்சிங்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது

"டாக்டர், பல்லை வெள்ளையாக்கணும்." நாற்காலியில் உட்கார்ந்ததும் பலர் சொல்வது இதுதான். சிலர் கைபேசியில் யாருடைய சிரிப்பையாவது காட்டி, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். நான் உடனே பிளீச்சிங் பேச்சை எடுப்பதில்லை. முதலில் இரண்டு கேள்விகள் கேட்பேன். நிறம் மாறியிருப்பது எல்லாப் பற்களுமா, ஒரே ஒரு பல்லா? எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? பதிலைக் கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் வெளுக்கப் போனால் காசும் வீண், சில நேரம் உள்ளே இருக்கும் நோயும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆரோக்கியமான பல் காகிதம் மாதிரி வெள்ளையாக இருக்காது. மேலே இருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். நாம் பார்க்கும் பல்லின் நிறத்தில் பெரும்பங்கு அந்த டென்டினுடையதுதான். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, டென்டின் உள்பக்கமாகத் தடித்துக்கொண்டே போகிறது. அதனால் ஐம்பது வயதில் பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிவது நோய் இல்லை. கோரைப்பல் பக்கத்துப் பற்களைவிட மஞ்சளாக இருப்பதும் எல்லோருக்கும் உள்ளதுதான். இதைச் சொன்னதும் நிம்மதியாக எழுந்து போனவர்களும் உண்டு.

எல்லாப் பற்களிலும் பரவலாகக் கறை இருந்தால் முதலில் பார்ப்பது அது மேலே ஒட்டியதா என்பதைத்தான். காபி, தேநீர், புகையிலைக் கறைகள் இந்த வகை. குளோர்ஹெக்சிடின் உள்ள வாய் கொப்பளிக்கும் மருந்தை எழுதிக் கொடுத்த நாட்களைத் தாண்டிப் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை படியும். அது நல்ல மருந்துதான், தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இரும்புச்சத்து சிரப் குடிக்கும் குழந்தைகளுக்குப் பல்லில் கருமை படரும். சில குழந்தைகளுக்கு ஈறு ஓரத்தை ஒட்டி மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புக் கோடு வரும். வாயில் உள்ள ஒருவகை பாக்டீரியாவின் வேலை அது. பெற்றோர் சொத்தை என்று பயந்து ஓடிவருவார்கள். இந்தக் குழந்தைகளுக்குச் சொத்தை குறைவாக இருப்பதாகவே பல ஆய்வுகள் சொல்கின்றன. சுத்தம் செய்து பாலிஷ் போட்டால் போய்விடும், கொஞ்ச நாளில் திரும்பவும் வரலாம்.

மேலே ஒட்டிய கறைக்கு, பல்லில் இறுகிய காரையைக் கருவியால் எடுக்கும் ஸ்கேலிங்கும் பாலிஷும் போதும், பிளீச்சிங் தேவையே இல்லை. ஸ்கேலிங் செய்தால் எனாமல் தேய்ந்துவிடும், பல் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. கருவி எடுப்பது பற்காரையைத்தான். வருடக்கணக்காகப் பல்லிடுக்கை அடைத்திருந்த காரை போனதும் அங்கே இடைவெளி தெரியும், நாக்குக்குப் புதிதாக இருக்கும், சில நாள் கூச்சமும் இருக்கலாம். காரை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த பல் ஆடுவதாகவும் தோன்றும். பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்ததால் வந்த ஆட்டம் அது.

சரி, ஒரே ஒரு பல் மட்டும் கருத்திருந்தால்? என் கவனம் முழுவதும் அங்கே போய்விடும். "சின்ன வயசில் கீழே விழுந்தீர்களா?" என்று கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, சைக்கிளிலிருந்து விழுந்தது, மட்டைப்பந்து பட்டது என்று ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும். அடிபட்டபோது பல் உடையாமல் இருந்திருக்கும், இரண்டு நாளில் வலியும் போயிருக்கும். ஆனால் வேர் நுனி வழியாக உள்ளே போகும் ரத்தக்குழாய் அறுந்து, பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள மென்திசுவான பற்கூழ் சத்தமில்லாமல் செத்துப்போயிருக்கும். அங்கே கசிந்த ரத்தத்தின் சிதைவுப் பொருட்கள் டென்டினுக்குள் ஊறி, பல் மெல்லச் சாம்பல் நிறமாகிறது.

இப்படிப்பட்ட பல்லைச் சோதிக்க, ஒரு சிறு பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்பிரே அடித்து, முதலில் பக்கத்துப் பல்லில் வைப்பேன். உடனே கையைத் தூக்குவார்கள். அதையே கருத்த பல்லில் வைத்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்ப்பது, அப்புறம் எக்ஸ்ரே. வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து ஒரு கறுப்பு நிழல் தெரிந்தால் உள்ளே தொற்று இருக்கிறது என்று அர்த்தம். வலியே இல்லாமல் அது வருடக்கணக்கில் இருக்கும். இந்தப் பல்லுக்கு மேலே பிளீச் பூசுவதாலோ கேப் போட்டு மூடுவதாலோ தொற்று போகாது. முதலில் செத்த பற்கூழை எடுத்து வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

அடிபட்ட பல் மஞ்சளாக மாறினால் கதை வேறு. பெரும்பாலும் உள்ளே இருக்கும் கால்வாயைப் பல்லே சுண்ணாம்பால் அடைத்துக்கொண்டிருக்கும். வேறு தொந்தரவு இல்லையென்றால் அதைத் தோண்டாமல் கண்காணித்தாலே போதும். பால்பல் அடிபட்டுக் கருத்தால் உடனே பிடுங்கச் சொல்லி அவசரப்படவும் வேண்டாம். சீழ், வீக்கம், ஈறில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு.

ரூட் கெனால் முடிந்த முன்பல் கருத்திருந்தால் பல்லுக்கு உள்ளிருந்தே வெளுக்க வைக்கலாம். இந்த முறை பலருக்குத் தெரிவதில்லை என்பது என் வருத்தம். பல்லின் பின்பக்கத் துளையைத் திறந்து, வேர் அடைப்பை ஈறு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை எடுத்து, அதன்மேல் சுமார் 2 மி.மீ. தடிப்பில் சிமெண்ட் தடுப்பு வைக்க வேண்டும். அதற்கு மேல் வெளுக்கும் மருந்தை, பெரும்பாலும் தண்ணீரில் குழைத்த சோடியம் பெர்போரேட்டை, வைத்துத் தற்காலிகமாக மூடி அனுப்பிவிடுவோம். சில நாட்கள் கழித்துத் திறந்து மாற்றுவோம். இரண்டு மூன்று முறையில் பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு அருகில் வந்துவிடும். அந்தத் தடுப்பு முக்கியம். மருந்து ஈறோரம் கசிந்தால் வேரை வெளியிலிருந்து அரிக்கும் சிக்கல் பிற்காலத்தில் வரலாம். முன்பெல்லாம் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்துச் சூடு காட்டுவார்கள். அந்த அரிப்புப் பயத்தால்தான் அதைக் கைவிட்டோம்.

இன்னொரு வகை, பல் உருவாகும்போதே உள்ளே பதிந்துவிட்ட நிறம். இதில் முதலிடம் ஃப்ளோரைடு மிகுதியால் வரும் ஃப்ளோரோசிஸுக்கு. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொழில் தொடங்கிய பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊரில் வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புத் திட்டுகளைப் பார்த்துக் காரணம் தேட ஆரம்பித்தார். குடிநீரில் அதிகமாக இருந்த ஃப்ளோரைடுதான் அது என்று தெரிய 1931 ஆகிவிட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. ஈறுக்குள் எனாமல் உருவாகும் சுமார் எட்டு வயது வரைதான் இந்தப் பாதிப்பு ஏற்படும். முளைத்து முடிந்த பல்லில் புதிதாக வராது. பற்பசையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, துப்பப் பழக்குவது என்று இருந்தால் போதும்.

டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தால் வரும் கறையும் இப்படித்தான். கர்ப்பத்தின் பிற்பாதியிலோ எட்டு வயதுக்குள்ளோ அந்த மருந்து போனால் பல்லில் சாம்பல், பழுப்புப் பட்டைகள் விழும். இப்போது அந்த வயதில் அதைத் தவிர்ப்பதால் இளையவர்களிடம் அரிதாகிவிட்டது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் இன்னும் பார்க்கிறேன்.

வெள்ளைத் திட்டுகளோடு வருபவர்களுக்கு நான் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பிளீச்சிங் தொடங்கியதும் அந்தத் திட்டுகள் முதலில் இன்னும் பளிச்சென்று தெரியும். சுற்றியுள்ள பகுதியும் வெளுத்த பிறகுதான் கலந்து மங்கும். அப்படியும் மறையாவிட்டால், அமிலத்தால் மேற்பரப்பைத் திறந்து நீர்த்த ரெசினை (பல் நிறப் பிசினை) உள்ளே ஊறவிடும் முறை இருக்கிறது. அதில் ரெசினுக்கு முன் பல்லை உலர்த்த ஆல்கஹால் தடவுவோம். தடவிய சில நொடிகளில் திட்டு மங்கிப்போனால், ரெசின் இட்ட பிறகும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். முடிவை முன்கூட்டியே காட்டிவிடும் சிகிச்சைகள் எங்கள் தொழிலில் குறைவு.

இனி பிளீச்சிங். அதற்குப் பயன்படும் பெராக்சைடு மருந்து பல்லைச் சுரண்டுவதில்லை. எனாமல் வழியாக ஊடுருவி, டென்டினில் உள்ள நிறமிகளை உடைக்கிறது. பற்கூழ் வரையும் கொஞ்சம் போகும், கூச்சம் வருவது அதனால்தான். மருந்தை நிறுத்தினால் சில நாளில் கூச்சம் அடங்கிவிடும். மருத்துவமனையில் போடுவது 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. வீட்டில் போடக் கொடுப்பது 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு, கணக்குப் பார்த்தால் சுமார் மூன்றரை சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான். அளவெடுத்துச் செய்த மெல்லிய ட்ரேயில் பல்லுக்கு ஒரு சிறு துளி விட்டு, இரவில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இருவர் எழுதி வெளியிட்ட முறை இது. சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரம் போல ஆகும், டெட்ராசைக்ளின் கறைக்கு மாதக்கணக்கு. அவசரம் இல்லாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரே மணி நேரத்தில் வெள்ளை என்று நீல விளக்கைக் காட்டுவதில் பாதி ஜோடனை. வேலை செய்வது ஜெல்தான், விளக்கால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. அன்று எழுந்து கண்ணாடியில் பார்க்கும்போது தெரியும் வெண்மையில் ஒரு பங்கு, பல் காய்ந்துபோனதால் வருவது. எச்சில் ஊறியதும் அது குறையும். அதனால் உண்மையான ஷேடை ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அழகு நிலையங்களில் இதைச் செய்துகொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொத்தையும் விரிசலும் இருக்கும் பல்லில் பெராக்சைடு போட்டால் என்ன ஆகும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்தைத் தாண்டிய பெராக்சைடை நேரடியாக விற்க முடியாது. 6 சதவீதம் வரை பல் மருத்துவர் வழியாக மட்டும்தான், அதுவும் 18 வயதுக்கு மேல். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் நான் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

எலுமிச்சை, சமையல் சோடா, கரித்தூள் என்று வீட்டு வைத்தியம் கேட்காத ஆளே இல்லை. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2 முதல் 3 வரை (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்). எனாமல் ஏறக்குறைய 5.5க்குக் கீழேயே கரையத் தொடங்கிவிடும். தேய்த்த அன்று பளபளக்கும், தொடர்ந்து செய்தால் எனாமல் மெலிந்து உள்ளே இருக்கும் மஞ்சள்தான் எட்டிப்பார்க்கும். போன எனாமல் திரும்ப வளராது. சமையல் சோடா மட்டும் என்றால் அதன் உராய்வு குறைவுதான், வில்லன் எலுமிச்சை. கரித்தூள் பசைகள் வெளுக்கவைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, பல்லைத் தேய்க்கும் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கின்றன.

பல்லின் முன்பக்கத்தில் மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டும் வெனீர் வேண்டும் என்று இருபது வயதில் கேட்டு வருபவர்களிடம்தான் நான் அதிகம் வாதாடுகிறேன். மெல்லிய பீங்கான் ஒட்ட 0.3 முதல் 0.7 மி.மீ. வரை பல்லைச் சீவ வேண்டியிருக்கும். சீவியது சீவியதுதான். அந்த வெனீரும் ஆயுசுக்கும் வராது, வாழ்நாளில் பல தடவை மாற்ற வேண்டிவரும். உருக்குலைந்த எனாமல், எதற்கும் அசையாத டெட்ராசைக்ளின் பட்டை போன்றவற்றுக்கு அது அருமையான சிகிச்சை. வெறும் மஞ்சளுக்கு அது வேண்டாம்.

ஏற்கெனவே முன்பல்லில் ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். பெராக்சைடுக்கு அவை வெளுக்காது. சுற்றியுள்ள பல் வெளுத்ததும் பழைய ஃபில்லிங் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதை மாற்றுவதையும் உடனே செய்ய முடியாது. பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது போக வேண்டும், இல்லாவிட்டால் ரெசின் சரியாக ஒட்டாது, நிறமும் அதற்குள் நிலைத்திருக்காது. அதனால் ஏதாவது விசேஷத்துக்காகப் பல்லைச் சரிசெய்ய நினைப்பவர்கள், முந்தின வாரம் வராமல் இரண்டு மாதம் முன்னால் வாருங்கள். ஸ்கேலிங், எக்ஸ்ரே, பிளீச்சிங், காத்திருப்பு, ஃபில்லிங் மாற்றுவது எல்லாம் அதற்குள் நிதானமாக முடிந்துவிடும்.