"உரியவருக்கு நன்றி" என்று எழுதினால் உரிமம் ஆகிவிடாது

போன வாரமும் ஒரு உரிமச் சிக்கல். கேம்களைத் தங்கள் விருப்பப்படி மாற்றி 'மாட்' என்று வெளியிடும் மாடர்கள் பலர் இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பொது அசெட் நூலகம் (எவரும் எடுத்துத் தங்கள் மாடில் சேர்க்கும் படங்கள், உருவங்கள், சிறு நிரல்களின் தொகுப்பு), ஒரே ஒரு மரக்கதவால் முடங்கிக் கிடக்கிறது. கேம்களுக்கு டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேல் போர்த்தும் படம், செய்வது என் தொழில் என்பதால் என்னைப் பார்க்கச் சொன்னார்கள். கதவில் கண்ணாடி வரும் பகுதியை ஆல்ஃபா சேனலால் (படத்தில் எது தெரியும், எது தெரியாது என்று சொல்லும் அடுக்கு) மறைத்திருந்தார்கள். ஆல்ஃபாவை அணைத்தேன். மறைத்த இடத்தில், டெக்ஸ்சர் விற்கும் ஒரு தளத்தின் முத்திரை எழுத்துகள் பாதி அழிந்த நிலையில் பளிச்சென்று தெரிந்தன. விற்பனைக்கான மாதிரிப் படத்தை எடுத்து, கண்ணில் படும் இடத்தில் மட்டும் துடைத்திருக்கிறார்கள். கூடவே இருந்த குறிப்பில் ஒரே வரி: "இணையத்தில் கிடைத்தது. உரியவருக்கு நன்றி."

உரியவர் யாரென்றே தெரியாமல் அவருக்கு நன்றி! இந்த வரியை எத்தனை கோப்புகளில் படித்துச் சலித்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

நன்றி சொல்வது மரியாதை. அனுமதி வேறு விஷயம். கேட்காமல் எடுத்த பொருளின் மேல் சொந்தக்காரர் பெயரை எழுதி வைத்தால், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதற்கு நாமே சாட்சி சொன்னதாகத்தான் ஆகும். "பதிப்புரிமைக் குறி எதுவும் இல்லையே" என்பார்கள். குறியும் வேண்டாம், பதிவும் வேண்டாம். படைப்பு உருவானதுமே உரிமையும் வந்துவிடுகிறது. 1886-இல் உருவான பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் 1908-லேயே முடிவான சங்கதி இது. ஆகவே உரிமம் பற்றி ஒன்றுமே எழுதாத கோப்பு என்றால், தாராளமாக எடுத்துக்கொள் என்று பொருளல்ல, தொடாதே என்று பொருள். "நாங்கள் காசு வாங்குவதில்லையே" என்பது அடுத்த வாதம். காசு வாங்காததால் அனுமதி முளைத்துவிடாது. "அந்த கேமைக் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்று, ஒரு கேமிலிருந்து உருவிய கவசத்தை இன்னொரு கேமுக்கான நூலகத்தில் போடுகிறவர்களும் உண்டு. வாங்கியது விளையாடுவதற்கு. கவசத்தை ஊருக்கு விநியோகிக்க அல்ல.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று, நல்லவர்களையே மாட்டிவிடுகிறது. "வரைந்தவரிடம் கேட்டேன், சரி என்றார்" என்பார்கள். எதற்குச் சரி என்றார்? உங்கள் மாடில் பயன்படுத்தவா, முன்பின் தெரியாத நூறு பேர் எடுத்து, நிறம் மாற்றி, மறுபடி வெளியிடவா? நூலகத்துக்குத் தேவை இரண்டாவது அனுமதி. அதை எழுத்தில் வாங்குங்கள்.

தனி மாடில் தவறான கோப்பு இருந்தால் அதை நீக்கிவிட்டுப் போகலாம். நூலகத்திலிருந்து அது கிளம்பியபின் எங்கே போய்ப் பிடிப்பது? பெயர் மாறியிருக்கும், அளவு குறைந்திருக்கும். பிஎன்ஜி படக் கோப்பை, கேம்கள் பயன்படுத்தும் டிடிஎஸ் வடிவமாக ஒருமுறை சுருக்கிவிட்டாலே, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷை வைத்து ஒப்பிடுவதும் கைகொடுக்காது.

எனவே வாசலிலேயே நிறுத்துங்கள். கோப்புடன் நான்கு விவரம் வராவிட்டால் உள்ளே விடாதீர்கள்: செய்தவர் யார், எங்கிருந்து, எந்த உரிமம், என்றைக்கு எடுத்தது. உரிமப் பக்கத்தையும் அன்றைக்கே சேமித்துவிடுங்கள். 'இந்த நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தலாம்' என்று முன்கூட்டியே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தவர் பிறகு திரும்பப் பெற முடியாது. ஆனால் பக்கம் காணாமல் போய்விட்டால், அவர் கொடுத்தார் என்று எதைக் காட்டுவீர்கள்? அந்த உரிமங்களிலும் எல்லாம் ஒன்றல்ல. 2009-இல் வந்த, எந்த நிபந்தனையும் போடாத சிசி ஜீரோ வகை நூலகத்துக்கு வரப்பிரசாதம். பெயர் மட்டும் குறிப்பிடச் சொல்லும் வகையும் நல்லதே. மாற்றம் கூடாது என்ற வகை மாடர்களுக்கு எதற்கு? நிறம் மாற்றி வெளியிட்டாலே மீறல். வணிக நோக்கம் கூடாது என்ற வகையைத் தனி அடுக்கில் வையுங்கள். நன்கொடைப் பொத்தான் வைத்த மாடர் தெரியாமல் எடுத்துவிடுவார். கேமில் ஓடும் சிறு நிரல்களான ஸ்கிரிப்ட்களுக்கு இந்த உரிமங்களே வேண்டாம். நிரல்களுக்கென்று எம்ஐடி, ஜிபிஎல் போன்ற உரிமங்கள் இருக்கின்றன.

அப்படியே என் தொழில் புலம்பல் ஒன்று: சுருக்கிய டிடிஎஸ் கோப்பை மட்டும் கொடுக்காதீர்கள், மூலக் கோப்பையும் கொடுங்கள். ஒவ்வொருவரும் திறந்து திருத்தி மறுபடி சுருக்கினால், நாலாவது கையில் மரம் சேறாகிவிடுகிறது. பரப்பின் மேடுபள்ளத்தை நிறங்களாகக் குறிக்கும் நார்மல் மேப் படம், ஓபன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் என்ற இரண்டு வரைகலை முறைகளில் எதன்படி செய்தது என்றும் எழுதுங்கள்; பச்சை சேனல் தலைகீழாக இருந்தால் மேடெல்லாம் பள்ளமாகத் தெரியும்.

பதினைந்து வயதில் ஆசையாக மாட் செய்யும் பிள்ளைகளும் இந்த நூலகங்களை நம்பித்தான் எடுக்கிறார்கள். அவர்கள் மாடுக்கு நீக்கல் அறிவிப்பு வரும்போது, ஏனென்றே அவர்களுக்குப் புரிவதில்லை. தயவுசெய்து அந்த நான்கு விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கதவை அன்று மாலையே புதிதாகச் செய்து கொடுத்தேன். ஒன்றரை மணி நேர வேலை. பழைய கதவு எந்தெந்த மாடில் இருக்கிறது என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.