மேல் வீட்டுச் சத்தம்: திருப்பி இடிப்பதற்கு முன்னால் படியுங்கள்

வாடகைக் குடியிருப்புகளில் அக்கம்பக்கத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைப்பது என் வேலை. இந்த வாரமும் அதே கதைதான். மேல் வீட்டில் நள்ளிரவு தாண்டியும் பாட்டு, கூச்சல், கதவை அறைந்து சாத்துவது. கீழ் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒருநாள் கட்டையை எடுத்து சீலிங்கை இடித்தார், விடியற்காலையில் ஸ்பீக்கரை மேலே பார்க்க வைத்து அலறவிட்டார், படிக்கட்டில் மறித்துக் கெட்ட வார்த்தையும் பேசிவிட்டார். மேல் வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்துப் புகார் கொடுத்தார். இப்போது எழுத்தில் இருக்கும் ஒரே புகார் பாதிக்கப்பட்டவர் மேல்தான். நியாயம் அவர் பக்கம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இதை எத்தனை முறைதான் பார்ப்பது?

எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஓனரிடம் சொல்லியாச்சு, அவர்களைக் காலி பண்ண வைக்காமல் வேடிக்கை பார்க்கிறார்." தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள், ஓனர் நீதிபதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் உங்களைப் போலவே ஒப்பந்தம் போட்டுக் குடியிருப்பவர். பெரும்பாலான நாடுகளில் நோட்டீஸ், ஆதாரம், தேவைப்பட்டால் நீதிமன்றம் என்று எல்லாம் தாண்டித்தான் ஒருவரை வெளியேற்ற முடியும். பூட்டை மாற்றுவதும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதும் ஓனரையே குற்றவாளி ஆக்கிவிடும். அதைவிட முக்கியம், அந்த வீட்டுக்கு வேறு ஓனர் என்றால் உங்கள் ஓனருக்கும் அவர்களுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது, அவரால் பேசிப் பார்க்கத்தான் முடியும். ஒரே ஓனராக இருந்தால், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் எச்சரிக்கலாம், மேற்கொண்டு நடவடிக்கையும் எடுக்கலாம். எதற்குமே நீங்கள் கொடுக்கும் விவரம் வேண்டும். போனில் கோபமாகக் கத்தியது விவரம் ஆகாது. அந்தக் கோபத்தில் வாடகையை நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. பாக்கி வைத்தவர் என்று கடைசியில் உங்கள் மேலேயே நடவடிக்கை வரும், அதைச் செய்யாதீர்கள்.

விவரம் என்றால் என்ன? "தினமும் ராத்திரி முழுக்க ஒரே சத்தம்" என்று எழுதினால் என்னால் எதுவும் செய்ய முடியாது. "செவ்வாய் இரவு 11.40 முதல் 1.15 வரை, படுக்கையறையில், ஜன்னல் மூடியிருந்தும் பாட்டின் வரிகள் கேட்டன, குழந்தை இரண்டு முறை எழுந்துவிட்டாள்" என்று எழுதினால் முடியும். அன்றன்றைக்கே எழுதுங்கள், சத்தமில்லாத நாளையும் விடாதீர்கள், அப்போதுதான் படிப்பவர் நம்புவார். தூங்கும் அறையில் தொடர் சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 1999-இலேயே வழிகாட்டியிருக்கிறது. ஆனால் போன் செயலி காட்டும் எண்ணை வைத்து வாதாடாதீர்கள், அது துல்லியமான கருவி இல்லை. புகாரை மின்னஞ்சலில் அனுப்புங்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள், உங்கள் பெயரை அவர்களிடம் சொல்லலாமா கூடாதா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சில ஓனர்கள் புகாரை அப்படியே அடுத்த வீட்டுக்கு ஃபார்வர்டு செய்துவிடுகிறார்கள், அதனால் எத்தனையோ வீடுகளில் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது.

இன்னொன்று. "வேணும்னே பண்றாங்க" என்று முடிவு கட்டாதீர்கள். காலடிச் சத்தமும் நாற்காலி இழுக்கும் சத்தமும் கான்கிரீட் வழியாகப் பரவும், நடப்பவருக்கு அது கேட்கவே கேட்காது; நேர் மேலே என்று நீங்கள் நினைப்பது இரண்டு வீடு தள்ளிக்கூட இருக்கலாம். தனியாக இருக்கும் பெரியவர் டிவியை அலறவிடுகிறார் என்றால் அவருக்குக் காது மங்கியிருக்கலாம். முதல் முறை பகலில், கோபம் தணிந்த பிறகு, போய்ப் பேசுங்கள். குழந்தை ஓடுவதும் கைக்குழந்தை அழுவதும் வாழ்கிற வீட்டின் சத்தம், அதற்குப் புகார் கொடுத்து என்னிடம் வராதீர்கள்.

ஆனால் மிரட்டல், அடிதடி, போதைப்பொருள் வியாபாரம் என்றால் கதவைத் தட்டவே போகாதீர்கள், நேராகக் காவல்துறைதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் அடி வாங்கி அலறினால் அதையும் சத்தப் புகாராக எழுதிவைத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே போன் செய்யுங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மேலேயே புகார் வந்தால்? "என் வீடு, என் இஷ்டம்" என்று கதவைச் சாத்தாமல், எந்த நேரம், எந்த அறையில் கேட்கிறது என்று கேளுங்கள். நாற்காலிக் கால்களுக்கு அடியில் துணிப்பட்டை ஒட்டுங்கள், வீட்டுக்குள் அதிகம் நடக்கும் இடத்தில் கனமான விரிப்பு போடுங்கள், ஸ்பீக்கரைத் தரையிலிருந்தும் பொதுச் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். அப்புறம் ஒரு வாரம் கழித்து அவர்களிடமே போய், இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.