வன்னீர்: உப்புத் தண்ணீரும் இல்லை, கனநீரும் இல்லை

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் போர் தண்ணீருக்கு, சோப்பு நன்றாக நுரைக்கும்படி நீரை மாற்றித் தரும் சாஃப்ட்னர் ஒன்றை வாங்கி வைத்தார். மறுநாள் காலையிலேயே, நீரில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தார். முன்பு 1100 காட்டியது, இப்போதும் ஏறக்குறைய 1100. காசு போச்சே என்று கொதித்துப் போய் என்னிடம் வந்தார். போய்ப் பார்த்தேன், மெஷின் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'உப்பை எடுக்கிற மெஷின்' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இவரும் உப்பு குறைந்ததா என்று அளந்திருக்கிறார். அந்த மெஷின் எடுப்பது உப்பை இல்லை, நீரின் வன்மையை.

நம் பேச்சில் தண்ணீர் இரண்டே வகைதான்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியைக் கோவைப் பக்கம் சப்பைத் தண்ணி என்றும் சொல்வார்கள். சோப்பு நுரைக்காவிட்டாலும் உப்புத் தண்ணி, நாக்கில் கரித்தாலும் உப்புத் தண்ணி. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு சங்கதிகள். நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. சோப்பை நுரைக்க விடாமல் தடுப்பதும், குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிவதும் கால்சியமும் மெக்னீசியமும். சோப்பு இந்த இரண்டோடும் சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரண்டுவிடுகிறது. நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் நுரை வரும். இந்தக் குணத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் தரும் பெயர் கடினத்தன்மை. அப்படிப்பட்ட நீர் கடின நீர். நான் வன்மை, வன்னீர் என்று சொல்வதும் இவற்றைத்தான்.

ஆங்கிலத்தில் இதை 'ஹார்ட் வாட்டர்' என்பார்கள். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் 'கடினமான' என்று பொருள்படும் சொல்லைத்தான் நீரோடு சேர்க்கிறார்கள். இந்த வழக்கம் மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸின் பெயரில் வழங்கும் 'காற்று, நீர், இடங்கள்' என்ற நூல், ஓர் ஊருக்குப் போகிற மருத்துவர் அங்குள்ள நீர் மென்மையானதா, பாறை மேட்டிலிருந்து வருகிற கடினமான நீரா, அல்லது உப்புக் கரித்துச் சமையலுக்கு உதவாததா என்று பார்க்க வேண்டும் என்கிறது. சமையல் என்றதும் எனக்கு எங்கள் ஆச்சி நினைவு வந்துவிடும். 'இந்தத் தண்ணியில பருப்பு வேகாது' என்று சொல்லி, உலைக்கு மட்டும் தெருக்குழாய்த் தண்ணீரைத் தனிக்குடத்தில் பிடித்து வைப்பார். அது வெறும் பழக்கம் இல்லை. பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினை நீரில் உள்ள கால்சியம் இன்னும் இறுக்கிவிடுகிறது, அதனால் பருப்பு குழையாது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கடினம்' வடமொழிச் சொல். அதனாலேயே அதை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் குறை வேறு. முதலாவது, பேச்சில் 'கடினம்' என்றால் சிரமம் என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கிறது. 'கடினமான தண்ணீர்' என்று சொன்னால் கேட்பவருக்கு எதுவும் புரியாது. இரண்டாவது இன்னும் பெரிய சிக்கல்: கனநீர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பயன்படுவது கனநீர். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்ற எடை கூடிய ஹைட்ரஜன் சேர்ந்த நீர் அது. தூத்துக்குடியில் அதற்கென்றே ஓர் ஆலை கட்டினார்கள். அதற்கும் நம் வீட்டு போர் தண்ணீருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் கடின நீர், கன நீர் என்று அடுத்தடுத்துப் படிக்கிற பிள்ளைகள் குழம்பத்தான் செய்கிறார்கள்.

மூன்றாவது, ஜோடி பொருந்தவில்லை. எதிர்ச்சொல்லை மட்டும் மென்னீர் என்று அழகாகச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் கடின நீர் என்கிறோம். மென்மைக்கு எதிர் வன்மை. வல்லினம், மெல்லினம் என்று சின்ன வகுப்பிலேயே படித்த ஜோடிதானே. வன்மை + நீர் = வன்னீர். ஈழத்தமிழர் அறிவியல் எழுத்தில் நீரின் வன்மை, வன்னீர் என்ற வழக்கு முன்பே உண்டு. அவர்களுக்கு அந்தச் சொல்லுக்குத் தேவையும் அதிகம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது.

இதைப் புதுச்சொல் என்று யாரும் தயங்க வேண்டாம். தண்மை + நீர் தண்ணீர். வெம்மை + நீர் வெந்நீர். நன்மை + நீர் நன்னீர். குணத்தை முன்னால் வைத்து நீரோடு ஒட்டுவது தமிழின் பழைய வழி. வன்னீரும் அந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளை. வெந்நீர், வன்னீர், மென்னீர் மூன்றும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்கின்றன என்பது ஒரு குறைதான், ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் சந்தேகம் வந்தால் 'வன்மையான தண்ணீர்' என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

அளப்பதற்கும் ஒரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்கி, நிலைத்த நுரை வர எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து வன்மையைக் கணக்கிட்டார். 1841-இல் சுண்ணாம்பு சேர்த்து வன்மையை நீக்கும் முறைக்குக் காப்புரிமையும் வாங்கினார். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பாட்டிலில் மழைநீர், இன்னொன்றில் அதே அளவு போர் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் கரைத்த குளியல் சோப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். சலவைத்தூள் வேண்டாம், அது வன்னீரிலும் நுரைத்துவிடும்.

இன்று ஆய்வகத்தில் செய்வது இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொண்டு செய்யும் சோதனை. நிறங்காட்டி சேர்த்த நீர் முதலில் திராட்சை ரசச் சிவப்பாக இருக்கும். இ.டி.டி.ஏ. சொட்டச் சொட்ட கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். கடைசித் துளியும் பிடிபட்டதும் நீலமாக மாறும். கணக்கை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று சொல்வார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) ஏற்கத்தக்க அளவாக 200 மில்லிகிராமும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரையும் சொல்கிறது. டி.டி.எஸ். மீட்டர் இதை அளப்பதே இல்லை. அது நீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்திருப்பது மொத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று காட்டுகிறது. எது கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அண்ணன் வீட்டு சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. அதனால் மொத்தம் குறையாது, வன்மை மட்டும் போய்விடும். அதற்கு 'வன்மை நீக்கி' என்று பெயர் எழுதி விற்றிருந்தால் அவர் மீட்டரைத் தேடியே இருக்கமாட்டார்.

'சுத்திகரிப்பு' என்ற சொல்லும் இப்படித்தான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. தேற்றாங்கொட்டையை உரசிக் கலக்கல் நீரைத் தெளிய வைப்பது கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்த வித்தை. தேற்றுதல் என்றாலே தெளிவித்தல்தான். அதனால் வன்மை போகாது. குளோரின் கிருமியைக் கொல்லும், அதுவும் வன்மையைத் தொடாது. காய்ச்சினால் பைகார்பனேட்டால் வந்த வன்மை மட்டும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து விலகும். சல்பேட், குளோரைடாக இருப்பது அப்படியே நிற்கும். ஆர்.ஓ. உப்பையும் வன்மையையும் சேர்த்தே பெரும்பகுதி எடுத்துவிடும்.

அப்புறம் அண்ணனுக்குச் சொட்டு எண்ணிப் பார்க்கிற சிறிய சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தொட்டித் தண்ணீர் நீலமாக 23 சொட்டு ஆனது. மெஷினைக் கடந்து வந்த தண்ணீர் முதல் சொட்டிலேயே நீலமாகிவிட்டது.