எடை மிஷின் காட்டாத மாற்றம்

என் பெரியம்மாவுக்கு வயது 54. மூன்று மாதமாக விடிகாலையில் எழுந்து தெருமுனைப் பூங்காவைச் சுற்றி நடந்தார். போன மாதம் எடை மிஷினில் ஏறினால் அதே 71 கிலோ. "இதுக்கா கால் வலிக்க நடந்தேன்?" என்று ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அதே பெரியம்மா, முன்பெல்லாம் இரண்டாவது மாடி ஏறும்போது நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பவர், இப்போது காய்கறிப் பையோடு நிற்காமல் ஏறி வருகிறார். அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எடை குறையாமலே இதயத்தின் திறன் கூடும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் டாலஸில் உள்ள கூப்பர் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனத்தில் டிமோதி சர்ச் குழுவினர் 464 பெண்களிடம் சோதித்துப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் மாதவிடாய் நின்றவர்கள், எடை கூடியவர்கள், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்கள். ஒரு பகுதியினரை அப்படியே விட்டுவிட்டு, மற்றவர்களை மூன்று பிரிவாக்கி, வாரம் சுமார் 72, 136, 192 நிமிடங்கள் என்று ஆறு மாதம் மிதமான பயிற்சி செய்யவைத்தார்கள். எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் உடம்பு உச்சபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, சும்மா இருந்தவர்களைவிட 4.2, 6, 8.2 சதவீதம் என்று படிப்படியாகக் கூடியது. 72 நிமிடம் என்றால் நாளுக்குப் பத்து நிமிடம்தான்! இடுப்புச் சுற்றளவும் குறைந்தது. ரத்த அழுத்தம் மட்டும் பெரிதாக மாறவில்லை, அதனால் நடக்கிறோமே என்று பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? தொடர்ந்து நடக்கும்போது ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் நன்றாக நிரம்புகிறது, ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தமும் அதிகமாகிறது; அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் முன்னளவுக்கு அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை. பெரியம்மாவின் பிபி நோட்டைப் புரட்டினேன். தொடங்கும்போது நாடித்துடிப்பு 84, இப்போது 76. நிமிடத்துக்கு 8 என்றால் ஒரு நாளைக்கு 11,520 துடிப்பு மிச்சம். கால் தசைகளிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகி, வருகிற ஆக்சிஜனைத் தசை கூடுதலாக இழுத்துக்கொள்கிறது.

ரத்தக்குழாயின் உட்சுவர் இன்னும் முக்கியம். ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது, குழாய் இளகி விரிகிறது. இந்த வேலைக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இத்தனை வருடம் துணை நின்றது. மாதவிடாய் நின்றதும் அந்தத் துணை போய்விடுகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, தொடையில் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. நடை மிக அவசியமாகிற வயதே இதுதான்.

அப்புறம் ஏன் எடை இறங்கவில்லை? ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் 120 கலோரி போகும். வேறு எதையும் மாற்றாவிட்டால் ஒரு கிலோவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடந்துவிட்டு வந்து குடிக்கிற சர்க்கரை காபியும் நாலு பிஸ்கட்டும் அந்த 120-ஐத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால். எடை குறைய வேண்டுமென்றால் சாப்பாட்டுத் தட்டில்தான் முதலில் கைவைக்க வேண்டும்.

வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வேலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதுகூடத் தசைக்கு வேலைதான். ஆனால் நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, தாடையில் வலியோ, காரணமில்லாத மூச்சுத்திணறலோ, குமட்டலோ வந்தால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துவிட்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெண்களுக்கு மாரடைப்பு பல நேரம் இப்படித்தான் வருகிறது.