சூடு போகும் வழி

என் பிரியஸ் காரின் டிக்கி ஓரத்துப் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினால், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி ஒன்று கைக்கு வரும். உருளை வடிவம், சுற்றிவரச் சீப்புப் பல் போல நெருக்கமான இதழ்கள். 2023 இல் அதை முதன்முறையாக வெளியே எடுத்தபோது இதழ்களைக் காணவில்லை. அவற்றின் இடைவெளிகளில் சாம்பலும் சிவப்பும் கலந்த கம்பளி போன்ற ஒன்று இறுகிப் போயிருந்தது. ஊசியால் கிளறிப் பார்த்தேன். ஆசன உறையின் நூல், தும்புத் தூள், தலைமயிர், இவை எல்லாவற்றையும் ஒட்டவைத்த உரும்பிராய்ச் செம்மண்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான், ஏ-9 வீதியில் மாங்குளத்தைத் தாண்டும்போது முன்பலகையில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கருவியைப் பொருத்திப் பார்த்த கராஜ்காரர், பற்றரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. உள்ளே உள்ள பல மின்கலங்களில் ஒரு கலம் செத்துப் போயிருந்தது. அது ஏன் செத்தது என்று அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் புதிய பற்றரியைப் பூட்டியிருந்தால், அடைபட்ட அதே விசிறி அதையும் சில ஆண்டுகளில் கொன்றிருக்கும்.

பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்தான் ஹைபிரிட். இலங்கையில் பத்து, பதினைந்து வயதான ஹைபிரிட் கார்கள் வீதியெங்கும் ஓடுகின்றன. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு வந்தவை பல. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற காரைக் காப்பாற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் நான் மெல்ல மெல்லக் கண்டுகொண்டது இது: ஹைபிரிட் கார் வயதாவதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் சூட்டைப் பின்தொடர வேண்டும். அது எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, அந்த வழி அடைபட்டிருக்கிறதா? இதைப் பார்க்கப் பழகியவர் பெரும்பாலான கோளாறுகளுக்கு முந்திக்கொள்ளலாம்.

2009 இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் என்னுடையது. அதன் பெரிய பற்றரி, நிக்கல் உலோக ஹைட்ரைட்டு வகை. 28 தொகுதிகளால் ஆனது. தொகுதிக்கு 6 கலங்கள், கலத்துக்கு 1.2 வோல்ட். 168 கலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டு 201.6 வோல்ட் தருகின்றன. கொள்ளளவு 6.5 அம்பியர் மணி. பெருக்கினால் 1.3 கிலோவாட் மணி. வீட்டு மின்பட்டியலில் ஒன்றேகால் அலகுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இவ்வளவு சிறிய சேமிப்பிலிருந்து, முந்திச் செல்ல மிதிக்கும் ஒரு கணத்தில் 27 கிலோவாட் வரை இழுக்கப்படுகிறது. அதாவது 130 அம்பியருக்கு மேல். பிரேக் பிடிக்கும்போது மின்னோட்டம் திரும்பி உள்ளே பாய்கிறது. யாழ்ப்பாண நகருக்குள் ஒரு மணி நேரம் ஓடினால் இந்தப் போக்குவரத்து நூற்றுக்கணக்கான தடவை நடக்கும்.

கடத்தியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அத்துடன், இந்த வகைக் கலம் நிரம்பி வரும் கட்டத்தில் உள்ளே ஒட்சிசன் உருவாகி மீண்டும் இணைவதால் சூடு இன்னும் கூடுகிறது. ஆகவேதான் காரின் கணினி பற்றரியை முழுமையாக நிரப்பவும் விடாது, வறட்டவும் விடாது. ஏறத்தாழ 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையிலேயே வைத்திருக்கும். மிஞ்சும் சூட்டை வெளியேற்றும் வேலை அந்தச் சிறிய விசிறியினுடையது.

விசிறி காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. காருக்கு வெளியே இருந்து அல்ல. நாங்கள் அமரும் அறையிலிருந்து, பின் ஆசனத்தின் ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் வலைவழியாக எடுக்கிறது. எங்களுக்காக ஓடும் ஏசியின் குளிரே பற்றரிக்கும் குளிர். அந்த வலைக்கு முன்னால் பள்ளிப் பையை வைத்தால், தலையணையைச் சாத்தினால், பற்றரியின் மூக்கைப் பொத்துகிறோம். வெயிலில் கண்ணாடி மூடிக் கிடந்த காரில் ஏறிய உடனே வேகமாக மிதித்தால், பற்றரி சுவாசிப்பது அனல் காற்று. என் காரில் அந்த வலைக்குப் பின்னால் வடிகட்டி எதுவும் இல்லை. அறைக்குள் பறக்கும் நூலும் மண்ணும் நேரே விசிறிக்குப் போய்ச் சேர்ந்தன.

காற்றுக் குறைந்தால் எல்லாத் தொகுதிகளும் ஒரே அளவில் சூடாவதில்லை. புத்தகங்களைப் போல நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதால் ஓரத்தில் உள்ளவை ஆறிக்கொள்ளும், நடுவில் உள்ளவை வேகும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் ஏறினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. கலத்தை முதுமையாக்கும் வினைகளும் அப்படியே. எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். நலிந்த ஒன்றுக்காக மற்றவை பொறுத்திருக்க முடியாது. நலிந்த கலம் முதலில் காலியாகும். காலியான பின்னரும் மற்ற 167 கலங்களும் அதன் ஊடாக மின்னோட்டத்தைத் தள்ளும்போது அதன் நேர்முனையும் எதிர்முனையும் தலைகீழாகிவிடும். அதன் பிறகு அந்தக் கலம் மீளாது.

கணினி தொகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, 14 இணைகளாகக் கண்காணிக்கிறது. காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி இணைப்பானை ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்திக் கைபேசியில் பார்த்தால் 14 எண்களும் தெரியும். சும்மா நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மிதிக்கும்போதுதான் உண்மை வெளிவரும். என் காரில் நடுப்பகுதி இணை ஒன்று மற்றவற்றைவிட 1.2 வோல்ட் அளவுக்குச் சட்டென்று விழுந்தது. அது சரியாக ஒரு கலத்தின் மின்னழுத்தம். கராஜ்காரரின் கருவியில், பற்றரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற பிழைக்குறி வந்ததன் கதை இவ்வளவுதான்.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வண்டி பல கிழமைகள் மாமரத்தடியில் அசையாமல் நின்றது. அதுவும் இதில் சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த வகைக் கலங்கள் சும்மா கிடந்தாலும் மின்னை இழக்கும்; ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இழக்கும். நீண்ட நாள் நின்ற பற்றரியில் கலங்களின் சமநிலை குலைந்துவிடும்.

விசிறியைச் சுத்தம் செய்வது யாரும் செய்யக்கூடிய வேலை. அது 12 வோல்ட் விசிறி. காரை அணைத்து, சிறிய பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, பின் ஆசனத்தின் ஓரத் திண்டையும் டிக்கி மறைப்பையும் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கிளிப்புகளை வலிந்து இழுக்காமல் அடியிலிருந்து நெம்ப வேண்டும். பழைய பிளாஸ்டிக் சொடுக்கென்று உடையும். காற்றுக்குழாயைக் கழற்றி விசிறியை வெளியே எடுத்த பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வோர் இதழாகத் துடைத்தேன். மோட்டாரில் தண்ணீர் படக்கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு கைப்பிடி கம்பளி சேர்ந்தது.

பற்றரிப் பெட்டியைத் திறப்பது வேறு வேலை. அங்கே விளையாட்டு இல்லை. செம்மஞ்சள் நிறக் கம்பிகள் எங்கெல்லாம் தெரிகின்றனவோ அங்கெல்லாம் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தம் இருக்கிறது. செம்மஞ்சள் பிடியுள்ள சேவிஸ் செருகியைப் பிடுங்கிய பின்னரும், மோட்டாருக்கு மின்கொடுக்கும் இன்வேர்ட்டரில் உள்ள, மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவிகள் வடிய 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. செருகி, தொடரை நடுவில் துண்டிக்கிறதே தவிர, கலங்களில் உள்ள மின்னை அழிப்பதில்லை. துண்டான ஒவ்வொரு பகுதியும் தனியாகவே ஆளைக் கொல்லப் போதுமானது. 1000 வோல்ட் தாங்கும் இறப்பர்க் கையுறையும் அந்த வேலையில் பயிற்சியும் இல்லாதவர் அந்த மூடியில் கைவைக்கக்கூடாது. நானும் வைக்கவில்லை.

ஹைபிரிட் பற்றரி திருத்துவதையே தொழிலாகக் கொண்ட கொக்குவில் அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகடுகளைக் கழற்றி என் கையில் தந்தார். சில தகடுகளில் பாசி போலப் பச்சைப் படிவு. துருவேறிய இணைப்பு தடையைக் கூட்டும்; தடை, சூட்டைக் கூட்டும். வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்து, அப்பச்சோடாக் கரைசலில் கழுவி உலர்த்தியது என் பங்கு. செத்த தொகுதியின் இடத்துக்கு, கொள்ளளவு அளந்து பொருத்தம் பார்த்த பழைய தொகுதி ஒன்றை அவர் போட்டார். புத்தம் புதியதைப் போட்டால் நல்லதுதானே என்று கேட்டேன். முதிய மாட்டோடு கன்றைப் பூட்டினால் வண்டி நேராக ஓடாது என்றார். எல்லாத் தொகுதிகளையும் ஓர் இரவு சமாந்தரமாக இணைத்துச் சமப்படுத்திய பிறகே மூடினார். மற்றத் தொகுதிகளுக்கும் அதே வயதுதான்; அடுத்தது எப்போது விழும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் இன்றும் போகிறேன்.

டிக்கியின் ஒரு மூலையில் இருக்கும் 12 வோல்ட் பற்றரி இந்தக் காரில் என்ஜினைச் சுழற்றுவதில்லை. அதைச் செய்வது பெரிய பற்றரியும் மின்மோட்டாரும். சிறியதன் முக்கிய வேலை கணினிகளை எழுப்புவதும், பெரிய பற்றரியை இணைக்கும் ரிலேக்களை, அதாவது மின் ஆளிகளை, மூடுவதும். ஆகவே அது நலிந்தால் கார் மெல்ல இழுத்து எச்சரிக்காது. ஒருநாள் காலையில் எல்லா விளக்குகளும் கன்னாபின்னாவென்று எரியும். ஓய்வில் மல்டிமீட்டர் 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும். டிக்கிக் கதவும் மின்பூட்டு என்பதால் பற்றரி செத்தால் டிக்கி திறக்காது. அவசரத்துக்கு மின்கொடுக்கும் முனை, பொனட்டுக்குள் உருகிப் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழே இருக்கிறது.

பொனட்டைத் திறந்தால் சூட்டின் இன்னொரு வழி. 200 வோல்ட்டை 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்குக் கொடுக்கும் இன்வேர்ட்டருக்கு, என்ஜினோடு சேராத தனிக் கூலன்ட் (குளிர்திரவ) சுற்று உண்டு. அதை ஓட்டுவது சிறிய மின்பம்பு. அது நின்றால் இன்வேர்ட்டர் வேகமாகச் சூடேறிவிடும். சோதிக்கக் கருவி தேவையில்லை. காரைத் தயார் நிலையில் வைத்து இன்வேர்ட்டர்க் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால், இளஞ்சிவப்புத் திரவம் கலங்கிச் சுழல வேண்டும். குளம் போல அசையாமல் கிடந்தால் அன்றே பம்பை மாற்ற வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பார்க்கவும்.

என்ஜினில் அடைபடுவது காற்றல்ல, புகை. எரிந்த புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் விடும் ஈ.ஜி.ஆர் அமைப்பு, எரிதலின் சூட்டைத் தணிக்கிறது. ஆண்டுகள் போகப்போகக் குளிர்விப்பானின் மெல்லிய வழிகளில் கரி படிந்து, திரும்பி வரும் புகை குறைகிறது, எரிதல் சூடேறுகிறது. குளிர்ந்த காலையில் என்ஜின் உதறிக்கொண்டு எழும்பினாலும், கூலன்ட் மட்டம் காரணமின்றி இறங்கினாலும் தள்ளிப்போடக்கூடாது. குளிர்விப்பானைக் கழற்றிக் கழுவுவது ஒரு முழுநாள் வேலை. கை பழகியவர் துணையோடு செய்வது நல்லது.

பிரேக் மட்டும் எதிர்மாறு. அங்கே குறை, சூடு போதாமை. காலைப் பிரேக்கில் வைத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறி ஓட்டத்தை மின்னாக்கிப் பற்றரிக்கு அனுப்புகிறது. வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீற்றருக்குக் குறையும்போதுதான் உராய்வுப் பிரேக் முழுப்பொறுப்பை எடுக்கிறது. பேட்கள் தேய்வதே இல்லை என்று மகிழ்ந்து பலர் சக்கரத்தைக் கழற்றுவதில்லை. எங்கள் கடற்காற்றில், தேய்க்கப்படாத தட்டு துருவேறுகிறது. பேட்களைத் தட்டில் அழுத்தும் பிடியான கலிப்பர் வழுக்கி நகரும் பின்கள் (உலோக ஊசிகள்) உலர்ந்து இறுகுகின்றன. ஆள் இல்லாத வீதியில் அவ்வப்போது கியரை ‘என்’ (நியூட்ரல்) நிலைக்கு மாற்றிப் பிரேக் பிடிப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். அந்த நிலையில் மோட்டார் மின்னாக்காது. தட்டு உராய்ந்து துரு உதிரும்.

பின்களைக் கழற்றுவதற்கு முன் சாவியைத் தூரத்தில் வைக்க வேண்டும். சாரதிக் கதவையும் திறக்கக்கூடாது. கதவு திறந்த மாத்திரத்தில் பிரேக் கணினி விழித்துப் பம்பை ஓட்டும். கழற்றி வைத்த கலிப்பரின் பிஸ்டன் வெளியே தள்ளப்படலாம். சென்ற மாதம் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இடப்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கினேன். ஒரு பின் மண்ணிற மாவு பூசியதுபோல இருந்தது. முறுக்கி முறுக்கித்தான் வெளியே வந்தது. மெல்லிய கம்பிப் பஞ்சால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறப்பரைக் கெடுக்காத சிலிக்கன் கிரீஸ் தடவினேன். சாதாரணக் கிரீஸ் இறப்பர் உறையை ஊதவைத்துப் பின்னை மீண்டும் இறுக்கிவிடும். திருப்பிப் பூட்டிக் கலிப்பரைத் தள்ளிப் பார்த்தேன். ஒற்றை விரலுக்கே வழுக்கிப் போய், வழுக்கித் திரும்பியது. சக்கரத்தை மாட்டிச் சுழற்றிவிட்டபோது, முன்பு கேட்ட சரசரப்பு இல்லாமல் அது தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது.